மூன்றாம் கூடத்தில் கடைசிச் சுற்று

காலை 06:10
நிலவு, மூன்றாம் நேர்காணல் கூடம், காவல் அறை. பேசுபவன் மாசானம், வயது எழுபத்தொன்று. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இயந்திரம் எழுதிக்கொள்ளும். காற்றழுத்த முள் பச்சையின் நடுவில். கதவு சரி. கம்பெனியின் மென்பொருள் பொறியாளர் வேலைக்கு இன்று கடைசிச் சுற்று. வந்திருப்பவர்கள் மூவர்: நவாஸ், பரிதி, மெர்லின்.

காலை 07:00
கதவு பூட்டியாயிற்று. தேர்வு இயந்திரத்தின் அறிவிப்பு: "இந்தக் கூடத்தின் காற்று நிரலில் பிழை இருக்கிறது. காற்று ஐந்து மணி நேரத்துக்கு வரும். பிழையைத் திருத்தினால் கதவு திறக்கும். முதலில் வெளியே வருபவருக்கு வேலை."
மூவருக்கும் சேர்த்து ஒரே கணினி.

காலை 09:20
ஒலிபெருக்கியில் பரிதி: "எந்திரிடா. ஒரு மணி நேரமா ஒரே வரிய எழுதி எழுதி அழிக்கிற."
நவாஸ்: "ரேஷன் கடைன்னு நெனச்சு வரிசைல நில்லு மாப்ள."
மெர்லின் சிரித்தாள்.

காலை 10:45
பரிதி நவாஸை முடியைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டு, கையின் மேல் நாற்காலியை இறக்கினான். மூன்று விரல்கள் பின்பக்கமாக மடங்கிக் கிடக்கின்றன. தேர்வு இயந்திரம்: "பரிதி, முன்முயற்சிக்கு இரண்டு மதிப்பெண்."

காலை 11:30
முள் சிவப்பில். பூமி அலுவலகத்தைக் கூப்பிட்டேன்.
"முள்ளு செகப்புக்கு வந்துட்டுய்யா. கதவத் தெறக்கவா?"
"பெரியவரே, எங்க திரையில பச்சைதான். சும்மா பயமுறுத்துற சோதனை அது. கதவத் தொட்டா உங்க வேலை போயிரும்."
அவர்கள் திரைக்குச் சேதி சொல்வதும் அந்தப் பிழையுள்ள நிரல்தான். என் முள்ளுக்கு நிரல் கிடையாது. அதைத் தள்ளுவது காற்று.

காலை 11:50
கூடத்து ஜன்னலில் ஆவி படிந்துவிட்டது, உள்ளே தெரியவில்லை. மெர்லின்: "தாத்தா, பரிதி நவாஸக் குத்திக் கொன்னுட்டான். அடுத்து என்கிட்டதான் வாரான். தெறங்க தாத்தா."
கதவுப் பூட்டின் எண்ணை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒன்பது வருடம் முன்பு பூட்டு மாட்டியவன் அதைச் சோதித்தபோது பக்கத்தில் நின்றேன். அவன் விரல் போன வழி இப்போதும் கண்ணில் நிற்கிறது. என் மேசையிலிருக்கும் விசைகளில் ஏழு அழுத்தம். திறந்துவிட்டது.

காலை 11:58
மெர்லின் முதலில் வந்தாள். முழங்கை வரை ரத்தம். கையில் உடைந்த திரையின் கண்ணாடித் துண்டு. பின்னால் பரிதி தவழ்ந்து வந்தான், முதுகு கிழிந்து. "கொன்னது அவ, தாத்தா. நவாஸ அவதான்..." அவள் அவன் முகத்தில் உதைத்து உள்ளே தள்ளினாள். கதவை அறைந்து சாத்தினாள். பூட்டிக்கொண்டது.
தேர்வு இயந்திரம்: "மெர்லின், வாழ்த்துகள். திங்கட்கிழமை சேரலாம்."

பகல் 12:06
பரிதி உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறான். மெர்லின் என் அறைக் கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்கிறாள். ஒலிபெருக்கியில் மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, அந்த நம்பர் வேற யாருக்காவது தெரியுமா?"
இல்லை என்றேன்.
"அப்ப சரி."

பகல் 12:07
தீயணைப்பு உருளையால் கண்ணாடியை அடிக்கிறாள். தட்டும் சத்தம் குறைந்துவிட்டது. விசைகளில் விரல் வைத்துவிட்டேன்: மேல் மூலை. நடு. நடு. கண்ணாடி விழுந்துவிட்டது. கீழே இடது. என் சட்டையைப் பிடித்துவிட்டாள். இன்னும் மூன்று. இரண்டு. பரிதி, தம்பி, கதவை உன் பக்கம் இழு, இழு