ஆந்தை பார்த்ததற்கு ஒரு குளியல்

ஒரு நாளும் என்னைக் கடிந்து பேசாத என் அன்பு மாமாவுக்கு,

நேற்று சாயங்காலம் உங்கள் பேத்தி கயலைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். நீங்கள் இறந்த பிறகு இதுதான் முதல் முறை. தூங்குமூஞ்சி மரத்துப் பொந்தில் ஒரு ஜோடி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வேப்பமரத்தில் இன்னொரு ஜோடி. நாலும் சௌக்கியம் மாமா. மைனா அளவே இருக்கிற இந்தப் புள்ளி ஆந்தைகளுக்கா நான் அப்படிப் பயந்தேன்?

புதுச்சத்திரத்தை விட்டு சேலத்துக்கு எங்களோடு வந்த உங்களுக்கு இந்த ஊரில் பிடித்தது அவை மட்டும்தான். தினமும் ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, வாசலில் நின்றபடியே சேதி சொல்வீர்கள். "அம்மிணி, இன்னிக்கு ரெண்டும் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்குது. பொட்டைக்குத்தான் கோவம் சாஸ்தி, உங்கத்தையாட்டமே."

எனக்கு அப்போது ஆறாம் மாதம். ஆந்தை என்றாலே சாவு என்று கேட்டு வளர்ந்தவள் நான். "அதையப் பாத்துப்போட்டு அப்படியே ஊட்டுக்குள்ள வராதீங்க மாமா. எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தா குளிக்கறதில்லீங்களா? அந்த மாதிரி தலைக்கு ஊத்திட்டு வாங்க" என்றேன். அத்தை போய் ஒரு வருஷம்கூட ஆகாத மனிதரிடம் எழவு வீடு என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது? நீங்கள் "செரி சாமி" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கக் குழாயடிக்குப் போனீர்கள்.

கயல் நல்லபடியாகப் பிறந்தாள். அப்புறமாவது "போதுங்க மாமா" என்று சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்றால் பொய். சொன்னால் என் தப்பை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்ற வீம்பு. மார்கழியிலும் வெடவெடத்துக்கொண்டு ஊற்றினீர்கள். "எதுக்குப்பா இந்தக் குளிர்ல?" என்று உங்கள் மகன் கேட்டபோது, "பூங்காவுல ஒரே புழுதிப்பா" என்றீர்கள். சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஜோடிகளை ஏன் அப்படிப் பார்த்தீர்கள் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

வீட்டுக்கு வருகிறவர்களிடம் உங்கள் மகன் இப்போதும் பெருமையாகச் சொல்கிறார்: "எங்கப்பாவுக்கு சுத்தம்னா சுத்தம். சாயங்காலம் குளிக்காம ஊட்டுக்குள்ள வரமாட்டாரு." காப்பி கொடுத்துக்கொண்டே நானும் தலையாட்டுகிறேன். வெட்கமாக இருக்கிறது மாமா.

இன்றைக்கு அவர் வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். எத்தனை நாள் என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி. எனக்காக நீங்கள் சொன்ன பொய்யை அவர் இனியும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கடைசிவரை நீங்கள் காட்டிக்கொடுக்காத உங்கள் மருமகள்,
செல்வி