பார்சலைப் பிரிப்பதற்கு முன்

மதிப்பிற்குரிய பெரியம்மாவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் வரும் சமயத்தில் உங்களுக்கு ஒரு பார்சலும் வரும். பழுப்புத் தாள் சுற்றி, நீல மையில் முகவரி எழுதியிருக்கும். மை பாதி கரைந்திருக்கும். தயவுசெய்து அதைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பார்சல் முந்திக்கொண்டு வந்து நீங்கள் பிரித்திருந்தால் என்னை மன்னியுங்கள்.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. என் அம்மாவையும் பார்த்ததில்லை. நீங்கள் நடத்தும் குழுவில் மூன்று வருடமாக வீட்டிலிருந்து முகவரி படிக்கும் வேலை செய்தவள் அவள். உங்களை அக்கா என்றுதான் எழுதுவாள். அதனால் நான் பெரியம்மா என்று தொடங்கிவிட்டேன். கடிதத்தை முடித்த பிறகு இந்த உறவு வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதுவும் நியாயம்தான்.

அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஐந்து மாதமும் அவள் பெயரில் உங்களுக்குப் பதில் எழுதியது நான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மீதியை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் நடுவில் வரும். ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால்தான் எனக்குத் தைரியம் நிற்கிறது.

நான் பத்தாவது வகுப்பில் பாதியில் நின்றவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. வீட்டில் சும்மா இருந்தவளை அம்மா தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். “வாயைத் திறக்க வேணாம்டி. கண்ணைத் திற. இது என்ன எழுத்துன்னு மட்டும் சொல்லு” என்பாள். பார்சல்களைப் பிரித்தனுப்பும் இயந்திரம் படிக்க முடியாமல் தள்ளிவிட்ட முகவரிகளின் படங்கள் திரையில் வரும். நனைந்தது, கிழிந்தது, கோழி கிளறியதுபோல எழுதியது. இருபது நொடிக்குள் படித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ‘படிக்க முடியவில்லை’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும், பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அம்மா அந்தப் பொத்தானை அழுத்தி நான் பார்த்ததே இல்லை. “யாரோ யாருக்கோ ஆசையா அனுப்பியிருக்காங்க. நமக்குக் கண்ணு வலிக்குதுன்னு திருப்பி அனுப்புறதா?” என்பாள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள நீங்கள் எல்லோருக்கும் அனுப்பிய குறிப்புகளை அம்மா கையால் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருந்தாள். ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நட. தண்ணீர் குடி. ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார். வேலை முடிந்ததும் கணினியைத் துணி போட்டு மூடு. எழுதி ஒட்டியதோடு சரி, ஒன்றையும் செய்யவில்லை. எழுந்தால், வேலையில் இருப்பதைக் காட்ட திரையில் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும் என்று தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவாள். எழுந்து போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக்கூடக் குறைத்தாள். “அந்தப் புள்ளிக்கு ஒரு வாய் ஊட்டிட்டு எனக்கும் கொஞ்சம் சோறு போடும்மா” என்று அப்பா கிண்டல் செய்வார். அப்பா பேருந்து ஓட்டுகிறார். காலை முறை முடிந்து மதியம் ஒன்றரைக்கு வீட்டுக்கு வருவார்.

அந்த நாளைச் சொல்கிறேன். காலை பதினொரு மணிக்கு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “தலை ரொம்ப வலிக்குது. அரை மணி நேரம் நீ உட்காரு. பச்சை மட்டும் மாறக் கூடாது” என்றாள். உள்ளறையில் போய்ப் படுத்தாள். நான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் எழுதினீர்கள். “காலைல தலைவலின்னியே, இப்ப எப்படி இருக்கு? பேசாம டாக்டர்கிட்ட போ. லீவு நான் பார்த்துக்கறேன்.”

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவை எழுப்பிக் கேட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் என்ன எழுதுவாளோ அதை எழுதினேன். “சரியாயிடுச்சுக்கா.” நீங்கள் விடவில்லை. “நிஜமாவா?” என்று கேட்டீர்கள். “நிஜமாத்தான்” என்று எழுதினேன்.

அப்பா வந்து உள்ளறைக் கதவைத் தள்ளியபோது, தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று நான்தான் கை காட்டினேன். அரை மணி நேரம் கழித்து அவர் சாப்பிடக் கூப்பிடப் போனார். அம்மா கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், “ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா” என்று தொடங்கினார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நான் எழுதிய இரண்டு வரிகளும் இன்னும் திரையில் இருக்கின்றன. பக்கத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது. யார் பார்த்தாலும் அவளே சொன்னதாகத்தான் தெரியும். சில நாள் நானும் நம்பிவிடுகிறேன். அப்பாவுக்கு இந்த வரிகளைப் பற்றித் தெரியாது.

அம்மா இறந்து மூன்று நாள் கழித்து, உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கணினியைத் திறந்தேன். நான் ஒரு எழுத்துகூட அடிப்பதற்குள் நீங்கள் எழுதிவிட்டீர்கள். “வந்துட்டியா? உன் புள்ளி எரிஞ்சதும்தான் எனக்கு உயிரே வந்துச்சுடி.” அதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது? “காய்ச்சல்கா” என்று எழுதினேன். அன்றிலிருந்து அவள் பெயரில் வேலையையும் நான்தான் செய்கிறேன்.

நீங்கள் ஃபோனில் பேசலாம் என்று கேட்ட ஐந்து முறையும் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொன்னீர்கள். பொய் சொன்ன தண்டனைபோல ஐந்து முறையும் கொப்பளித்தேன். அம்மா செய்யாததையெல்லாம் நான் செய்கிறேன். மணிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை நடக்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன். “இப்பல்லாம் கரெக்டா எழுந்து நடக்கிறியே, ஒருவழியா திருந்திட்டியா?” என்று நீங்கள் கேட்டபோது, ஆமாம் என்று அவள் பெயரில் பதில் போட்டேன். அன்று முழுவதும் முதுகுப் பக்கம் யாரோ நிற்பதுபோலவே இருந்தது. நான் எழுந்து நடக்கும்போது பின்னால் நாற்காலி முனகும். அம்மா உட்கார்ந்தபோது முனகிய அதே சத்தம். நாற்காலி மெத்தையில் அவள் உட்கார்ந்த பள்ளம் என் பாரத்துக்கு இன்னும் மாறவில்லை. போன வாரம் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே வாசலிலிருந்து, அம்மாவிடம் கேட்பதுபோலவே, “இன்னும் முடியலையாம்மா உனக்கு?” என்று கேட்டார். நான் திரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். மாலையில் கணினிக்குத் துணி போடப் போனபோது, “அந்தப் புள்ளி கொஞ்ச நேரம் எரியட்டும்” என்றார்.

இனி பார்சலைப் பற்றி. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். திரையில் ஒரு படம் வந்தது. மழையில் நனைந்து மை ஓடிய முகவரி. ஏழு என்ற எண்ணின் நடுவில் ஒரு சிறு கோடு. என் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டு எண் எழுதிய அம்மாவின் கை அது. கீழே அனுப்பியவர் முகவரி தெளிவாக இருந்தது. எங்கள் வீடுதான். மேலே இருந்தது உங்கள் பெயர்.

இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு அம்மா இரண்டு மெத்தைகள் தைத்தாள். ஒன்று தன் நாற்காலிக்கு. இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். “என்னை மாதிரியே இடுப்பு வலிக்காரி ஒருத்தி இருக்கா. ஊருக்கெல்லாம் நட நடன்னு சொல்லிட்டு தான் மட்டும் அசையமாட்டா” என்றாள். உங்கள் முகவரியை எப்படி வாங்கினாளோ, உங்களுக்குத்தான் நினைவிருக்கும். அந்தப் பார்சல் ஐந்து மாதம் ஏதோ ஒரு கிடங்கில் கிடந்துவிட்டு, இத்தனை பேரில் என்னிடம் வந்து நின்றது.

இருபது நொடி போய்விட்டது. புள்ளி மஞ்சளானது, படம் மட்டும் திரையிலேயே நின்றது. ‘படிக்க முடியவில்லை’ என்று அழுத்தினால் அது எங்கள் வாசலுக்கே வந்துவிடும். அவள் கையால் முடிச்சுப் போட்ட கயிறு என்னிடம் இருக்கும். உங்களுக்கும் எதுவும் தெரியவராது. பதினொரு நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். “எங்கடி போயிட்ட?” என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள்.

பிறகு உங்கள் முகவரியைத் தட்டச்சு செய்தேன். வேறு யாராலும் அதைப் படித்திருக்க முடியாது பெரியம்மா. அதே முகவரியைத்தான் இந்த உறை மேலும் எழுதப்போகிறேன்.

நான் செய்தது தவறு. வேலை போய்விடும், அது தெரிந்துதான் எழுதுகிறேன். அப்பாவிடமும் இன்று மதியம் அந்த இரண்டு வரிகளைக் காட்டப்போகிறேன்.

மெத்தையை நாற்காலியில் போட்டுக்கொள்ளுங்கள். முகவரி எழுதிய தாளைக் கிழிக்காமல் பிரிக்க முடிந்தால், அதை மட்டும் எனக்கு அனுப்புங்கள். இன்னொரு உதவியும் வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளும் ஒன்பது மணிக்குக் கணினி திறந்திருக்கும். “வந்துட்டியா?” என்று எப்போதும்போல அவளை ஒருமுறை கேளுங்கள். நான் பதில் எழுத மாட்டேன். அதன்பிறகு உங்கள் பக்கத்திலிருந்து அந்தப் புள்ளியை அணைத்துவிடுங்கள். என்னால் முடியவில்லை.

நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும். தலை வலித்தால் எழுந்து போய் டாக்டரைப் பாருங்கள். உங்கள் குழுவில் வேறு யாராவது தலைவலி என்று சொல்லிவிட்டுப் பிறகு சரியாகிவிட்டது என்று எழுதினால், நம்பிவிடாதீர்கள். ஃபோன் செய்து ஒருமுறை அவர்கள் குரலைக் கேட்டுவிடுங்கள்.

வணக்கத்துடன்,
உங்கள் தங்கையின் மகள்