திருப்பூரில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்

புரட்டாசி, வெள்ளி

காலையிலிருந்து தூறல். விதை நெல் வாங்க ஒரே கூட்டம். வேளாண்மை ஆபீஸ் வாசலெல்லாம் சேறு.

என் வீட்டுக்காரரைப் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தது இங்கே யாருக்கும் தெரியாது. திருப்பூரில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்று கம்ப்யூட்டர் பாலு, "அக்கா, அண்ணன் எந்தக் கம்பெனி? என் தம்பிக்கும் ஒரு வேலை பாத்து விடச் சொல்லுங்களேன்" என்றான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பாத்ரூமில் போய் அழுதேன். வெளியே வந்தால் எதிரே வசந்தி மேடம், எங்கள் சூப்பிரண்டு.

"கண்ணு ஏன் சிவந்திருக்கு?"

"நெல்லுத் தூசி மேடம்."

"சரி, கவுண்டருக்குப் போங்க. ஜனம் நிக்குது."

எப்போதும் கறார். மகன் சிங்கப்பூரில். கவலை இல்லாத மனுஷி.

சனி

அரை நாள்தான் வேலை. வாங்கியது: கைலி, சோப்பு, முறுக்கு. பாப்பாவுக்கு லேசான ஜுரம். "அப்பா எப்பம்மா வரும்?"

ஞாயிறு

மழை விட்டிருந்தது. பட்டுக்கோட்டை பஸ். இறங்கி, தென்னந்தோப்பு வழியாக நடை.

மையத்தின் பார்வையாளர் ஹாலில் வசந்தி மேடம்! பக்கத்தில், அவர் மேஜை போட்டோவில் பார்த்த அந்தச் சிங்கப்பூர் மகன். அவன் கை நடுங்குகிறது. மேடம் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். இருவருக்கும் ஒளிய இடமில்லை.

என் வீட்டுக்காரர் இளைத்திருக்கிறார். "பாப்பா என்னைத் தேடுதா?" என்றார். தினமும் என்றேன். முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் மேடம் பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினார். பஸ் ஒரத்தநாடு தாண்டியது.

"இவனுக்கு இது மூணாவது தடவை" என்றார். பிறகு, "உங்க வீட்டுக்காரர் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு மேடம்."

"அப்பத் தேறிடுவாரு."

என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தஞ்சாவூர் வரும்வரை நான் அசையவில்லை.

திங்கள்

நல்ல வெயில். பாலு வந்ததும் வராததுமாக: "நேத்து ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வந்து இறங்குனீங்களே, எங்க போனீங்க?"

மேடம் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பட்டுக்கோட்டையில ஒரு கல்யாணம். ரெண்டு பேருக்கும் வேண்டியவங்க."

"புரட்டாசியிலயா மேடம்?"

மேடம் ஃபைலில் ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் புரட்டினார். இதற்கு முன் அப்படிப் பார்த்ததே இல்லை. நான் முந்திக்கொண்டேன்.

"சர்ச் கல்யாணம் பாலு. கேக்கெல்லாம் வெட்டுனாங்க."

"எங்களுக்கு?"

"தீந்துபோச்சு" என்றார் மேடம். ஃபைலுக்குப் பின்னால் தோள் குலுங்கியது. சிரிப்புத்தான்.

மத்தியானம் என் பெஞ்சுக்கே வந்து உட்கார்ந்தார். கேட்காமலே என் தயிர்சாதத்தில் பாதியை எடுத்துக்கொண்டார். உப்பு கம்மி என்றார்.