அத்தை சந்தனம் வைத்த மெஷின்

என் ஆசை மாமாவுக்கு,

எப்படி இருக்கீங்க என்று கேட்கத்தான் இன்னும் கை போகிறது. போன இடத்தில் உங்களுக்குச் சவுகரியம் எப்படியோ, இங்கே கடை நடக்கிறது. வேடசந்தூர் பக்கம் கிணறெல்லாம் வற்றி, எரிந்துபோன மோட்டார்கள் நம் வாசலில் வரிசையாகக் கிடக்கின்றன. நீங்கள் தொழில் பழக்கிய செல்வராசுதான் காயில் சுற்றி வைண்டிங் பார்க்கிறான். கல்லாவில் நான். உங்கள் அம்மா, அதான் என் அத்தை, மதியம் தூக்குவாளியோடு வந்து, "இந்தப் பய வார்னிஷ இம்புட்டு ஊத்துறானே, எம் மகன் இருந்தா விடுவானா" என்று ஒரு பாட்டம் புலம்பிவிட்டுப் போகிறார். நம் மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நன்றாகப் படிக்கிறாள்.

நான் எழுத வந்தது கடைக் கதை இல்லை. உங்கள் காதில் மட்டும் சொல்ல வேண்டிய விஷயம். அதை ஊரறிய எழுதுகிறாளே, கூறு கெட்டவ என்று திட்டாதீர்கள். அத்தையிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

மாமா, உங்களைத் தேடுது. இதை நான் சொன்னால் தெருவே உச்சுக் கொட்டும். 'மனசு தேடத்தானே செய்யும்' என்பார்கள். மனசு மட்டுமா தேடுகிறது? உடம்பும் தேடுகிறது என்று சொன்னால் அந்த உச்சு எந்தப் பக்கம் திரும்பும்? உங்கள் விரலில் செம்புக்கம்பி இழுத்து இழுத்துக் காய்த்த இடம் இருக்குமே, அது என் முதுகில் உரசுகிற உணர்ச்சிக்காக நான் ஏங்கிக் கிடந்ததை யாரிடம் போய்ச் சொல்ல?

மாதவிலக்கு நிற்கிற நேரம், தூக்கம் போச்சு, உடம்பில் காந்தல், எதற்கெடுத்தாலும் எரிச்சல். டாக்டரம்மாவிடம் போனேன். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் தாம்பத்தியம் பற்றியும் கேட்டார். "அவருதான் இல்லையே மேடம்" என்றேன். "அவர் இல்லைன்னா உங்க உடம்பும் இல்லைன்னு யாரும்மா சொன்னது?" என்றார்.

பிறகு ஒரு தாளில் படம் போட்டார். கிளிட்டோரிஸ் என்று பெயராம். வெளியே தெரிவது ஒரு பட்டாணி அளவுதான், மீதியெல்லாம் உள்ளே இரண்டு பக்கமும் கவட்டை மாதிரி இறங்கி இருக்கிறதாம். சுகத்துக்கென்றே இருக்கிற உறுப்பு, வேறு வேலையே அதற்குக் கிடையாதாம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அதற்கு நாம் ஒரு பெயர் வைக்கவில்லையே மாமா. 'அங்க' என்போம், அவ்வளவுதான். உங்களுக்கும் இருட்டில் குத்துமதிப்பு, எனக்கும் சொல்ல வெட்கம்.

பேகம்பூரில் நைட்டிக் கடை வைத்திருக்கிறாளே மும்தாஜ், என்னோடு பள்ளியில் படித்தவள், நீங்கள் 'வாயாடி' என்று பெயர் வைத்தவள், அவளிடம் போய் இதைச் சொன்னேன். அவள் வீட்டுக்காரர் துபாயில் இருந்து எப்போதோ வருகிறவர். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனை என் முன்னால் நீட்டினாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சாமான், நுனியில் சின்ன வாய். காற்றால் உறிஞ்சுகிற மெஷின் என்று எழுதியிருந்தது.

"அடியே, உறிஞ்சுறதா? அந்த எடத்துல ரத்தம் கட்டிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று பதறினேன்.

"அட லூசு, எங்க வீட்டு போர் கெணத்துக்கு உன் புருசன் கம்ப்ரஸர் மாட்டுனாரே, அது தண்ணிய உறிஞ்சியா எடுத்துச்சு? காத்த உள்ள விட்டுத்தான தூக்குச்சு? இதுவும் பேருக்குத்தான் உறிஞ்சுறது. காத்து முன்னயும் பின்னயும் தட்டும், அம்புட்டுதான். மேல படாமயே வேல செய்யும்."

மாமா, அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பீர்கள்.

வாங்குவதற்கு முன்னால் நான் உங்களையே நினைத்துக்கொண்டேன். மோட்டார் வாங்க வருகிறவர் எடுத்த எடுப்பில் எத்தனை ஹெச்.பி. என்று கேட்டால் அதட்டுவீர்களே, "மொதல்ல உங்க கெணறு என்ன ஆழம்னு சொல்லுங்கய்யா" என்று. இதிலும் அதே கதைதான். இத்தனை வேகம், அத்தனை ரகம் என்று விளம்பரத்தில் பீற்றிக்கொள்கிறார்கள். அது முக்கியமில்லை, ஆகக் குறைந்த வேகம் எவ்வளவு மெதுவாக இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டுமாம். வாயின் அகலம் நம் உடம்புக்குப் பொருந்தி, அந்தப் பட்டாணியைச் சுற்றி மெத்தென்று உட்கார வேண்டும். சின்னதாக இருந்தால் நெருக்கும், பெரிதாக இருந்தால் காற்று பக்கவாட்டில் போய்விடும். வாய் நல்ல சிலிக்கானா, கழற்றிக் கழுவ முடியுமா என்று பார்க்கச் சொன்னாள். மும்தாஜ் முதலில் மலிவாக ஒன்று வாங்கினாளாம். டயர் நாற்றம், மிக்ஸி சத்தம், திருப்பியும் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். "நான் பட்ட பாடு உனக்கு வேணாம்" என்று என்னை நல்லதாக ஒன்று வாங்க வைத்தாள்.

டாக்டரம்மாவிடமும் கேட்டேன். சிரிக்கவில்லை, புண்ணியவதி. தண்ணீரில் கரைகிற வழவழப்புப் பசை போட்டுக்கொள்ளச் சொன்னார், தேங்காய் எண்ணெய் ஆகாதாம், சிலிக்கானோடு ஒத்துவராத பசைகளும் உண்டாம். அழுத்தாதே, சும்மா மேலே வை, மரத்துப்போகிற மாதிரி இருந்தால் நிறுத்து, எரிச்சலோ ரத்தமோ கண்டால் என்னிடம் வா என்றார். ஒன்று மட்டும் நானே கண்டுபிடித்தது. உடம்போடு ஒட்டி இருக்கிற வரை பூனை மாதிரி இருக்கிறது, எடுத்தவுடன் கத்துகிறது. அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அது தெரியாமல் எடுத்த அன்றைக்கு எனக்கு உயிரே போய்விட்டது.

முதல் தடவை ஒரு செவ்வாய்க்கிழமைப் பகல். அத்தை கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தேன். ஏதோ திருட வந்தவள் மாதிரி எழுந்து தாழை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். செத்த நேரம் ஒன்றுமே இல்லை, கூச்சம்தான். பிறகு இடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான் மாமா, உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. இப்படி ஒன்று என் உடம்புக்குள் இருந்ததா? இத்தனை காலம் எங்கே இருந்தது?

சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன், உங்களிடம் சொல்ல. கை தலையணையில் பட்டது. மாமா, அப்புறம் நான் அழுத அழுகை இருக்கிறதே. சுகம் வந்துவிட்டது, பங்கு போட ஆளில்லை. முடிந்த பிறகு என் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு "தண்ணி வேணுமா புள்ள" என்பீர்களே, அதற்கு எவன் மெஷின் செய்திருக்கிறான்?

அதோடு இன்னொன்றும் அரித்தது. நீங்கள் இல்லாமல் இந்தச் சுகம் எனக்கு ஆகுமா? இது உங்களுக்குச் செய்கிற துரோகமா? ஒரு நாள் ஆசையாக எடுப்பேன், மறுநாள் குப்பையில் போட்டுவிடலாம் என்று பேப்பரில் சுற்றுவேன். இப்படியே இழுத்துக்கொண்டு கிடந்தபோதுதான் ஆயுத பூஜை வந்தது.

உங்கள் அம்மாவைப் பற்றித்தான் தெரியுமே. பூஜை என்றால் கடையில் இருக்கிற ஸ்க்ரூ டிரைவர் முதல் வீட்டு அரிவாள்மனை வரை அத்தனையும் குளித்துச் சந்தனம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் மார்க்கெட்டில் சிறுமலைப் பழமும் வாழைக்கன்றும் வாங்கிக்கொண்டு வருவதற்குள், வீட்டுச் சாமானெல்லாம் கடைக்கு வந்து பலகையில் உட்கார்ந்திருந்தன. இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, டெஸ்டர், காயில் சுற்றுகிற மெஷின். நடுவில் அது! சந்தனம் பூசி, அதன்மேல் குங்குமம் வைத்து, தலையில் ஒரு துண்டு மல்லிகை. பூட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்தும் பீரோவைப் பூட்டாமல் போயிருக்கிறேன்.

நைசாகக் கையை நீட்டினேன். "ஏ, தொடாத! பூசைக்கி வச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்" என்று அத்தை ஒரு அதட்டு.

அன்று பூராவும் பொரி வாங்க வந்த கூட்டம் அதன் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போனது. செல்வராசு உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, இது என்ன மிஷினு? புதுசா இருக்கே" என்றான். "மூஞ்சிக்கு மசாஜ் பண்றதுடா" என்று சொல்லிவைத்தேன். மும்தாஜ் பொரி வாங்க வந்தவள் ஒரு பார்வை பார்த்தாள், துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள்.

மறுநாள் விஜயதசமி. கடையில் நானும் அத்தையும் மட்டும். ஒவ்வொரு மெஷினையும் ஒரு தடவை ஓட்டிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும் என்பது நம் கடை வழக்கமாயிற்றே. எல்லாம் ஓடியது. "அந்தச் சின்னதையும் ஒருக்கா போட்டுரு" என்றார் அத்தை.

"அது கடைச் சாமான் இல்ல அத்தை."

"பின்ன?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. செல்வராசுவிடம் சொன்னதையே சொல்லியிருக்கலாம். ஏனோ முடியவில்லை. "எனக்குள்ளது அத்தை. பொம்பள ஒடம்புக்கு... புருசன் இல்லாத ஒடம்புக்கு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். எம் மகன் போய் வருஷம் என்ன ஆச்சு, அதுக்குள்ள உனக்கு இது கேக்குதா என்று கேட்பார், என் அண்ணனுக்குப் போன் போடுவார், இந்த வீட்டில் எனக்கு இனிச் சோறு இறங்காது என்றெல்லாம் ஓடியது.

அத்தை எரிந்த மோட்டார் ஒன்றின்மேல் அப்படியே உட்கார்ந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"உங்க மாமனாரு போனப்ப உன் புருசன் கைப்புள்ள. நான் உன் மகளை விடச் செத்த பெரியவ, அம்புட்டுதான். ஒடம்பு கெடந்து கொதிக்கும் ஆத்தா. விடியமுன்ன கெணத்தடிக்குப் போயி கொடங்கொடமா தண்ணிய எடுத்துத் தலையில ஊத்திக்குவேன். மார்கழிப் பனியிலயும் ஊத்துவேன். ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? இவளுக்கு என்னா பக்தின்னுச்சு. நானும் ஆமான்னுட்டேன்."

அவர் எழுந்து அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சந்தனம் காஞ்சு ஓட்டைய அடைச்சுக்கிச்சு பாரு. கெட்டுப்போயிறப் போகுது. வெதுவெதுன்னு தண்ணி வச்சு நல்லாக் கழுவு." என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எம் மகன் இருந்திருந்தா அவனே பிரிச்சுச் சுத்தம் பண்ணித் தந்திருப்பான்."

தந்திருப்பீர்கள்தானே மாமா? தந்திருப்பீர்கள். எனக்குத் தெரியும்.

உங்கள்மேல் சத்தியமாக ஒன்று சொல்கிறேன். நீங்கள் இல்லாத குறை இந்த ஜென்மத்தில் தீராது. அதற்காக உடம்பைப் பட்டினி போட்டு, அதற்குப் பக்தி என்று பெயர் வைக்க மாட்டேன். நாளைக்கு நம் மகள் வந்து கேட்டால், டாக்டரம்மா போட்ட படத்தை நானே அவளுக்குப் போட்டுக் காட்டுவேன். விடியமுன்னே கிணற்றடியில் ஈரத்தோடு தனியாக நின்றாளே ஒரு சின்னப் பொண்ணு, அவளை இனி நான் தனியே விட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள், உங்கள் பெண்டாட்டி, உங்கள் அம்மாவுக்கு இனி மகளும் ஆன
ஜோதி