சிவப்பும் நீலப்பச்சையும்

ஜூன் 8

அன்புள்ள வாலு,

உன் அண்ணன் வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே நான் நலம். அவர் காலமாகி இது இரண்டாவது கோடை. மொட்டைமாடியில் இருக்கும் தொலைநோக்கியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மூடியிருந்த துணியை எடுத்தேன். அவருடைய கணினியைத் திறந்தால், என்றோ வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்ச ஒளியைப் பாதி படம் எடுத்து வைத்திருக்கிறார். சிவப்பு ஒளி மட்டும் இருக்கிறது. நீலப்பச்சை இனிமேல்தான் என்று குறித்து வைத்திருக்கிறார். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. கொடுத்துவிடட்டுமா?

அண்ணி

ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

கொடுக்காதீர்கள். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்குக் காதே புளித்துப்போனது. ரொம்ப மங்கல் என்பதால் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பல இரவுகள் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டுமாம். அவனோடு படம் எடுக்க வருவாரே, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், அவரைக் கேட்டு நீங்களே முடியுங்கள். உங்களுக்குப் போனில் பேச்சு வராது, தெரியும். கடிதத்தையாவது கொஞ்சம் நீளமாக எழுதக்கூடாதா?

வாலு

செப்டம்பர் 2

அன்புள்ள வாலு,

படம் முடிந்துவிட்டது, தனியாக அனுப்புகிறேன். கடைக்காரர்தான் வந்து சொல்லிக்கொடுத்தார். ஆரம்பத்தில் நான் தொலைநோக்கியின் முக்காலியில் இடித்து, நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக விழுந்தது. அவர் மறுபடி எடுத்தார். வானம் மூடிக்கிடந்த நாட்களிலும் வந்தார். மேகம் இருந்தால் படம் எடுக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டீ போட்டுக் கொடுத்தேன்.

போன வாரம் கேட்டுவிட்டார். "எனக்கு அவசரமில்ல. முதல்ல உங்க நாத்தனார்கிட்ட சொல்லுங்க" என்றார். எனக்கும் சம்மதம்தான். எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன். உன்னிடம் அனுமதி கேட்கிறேன் என்று நினைக்காதே. உன்னை விட்டுவிட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணி
(இனி இப்படிக் கையெழுத்துப் போடலாமா?)

அக்டோபர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், கோபமும் வந்தது. வீட்டில் இவரிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் படம் வந்து சேர்ந்தது. அண்ணனுடைய சிவப்பு எங்கே முடிகிறது, உங்களுடைய நீலப்பச்சை எங்கே தொடங்குகிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன். இழை இழையாகப் பின்னிக்கிடக்கிறது. பிரிக்க முடியவில்லை. கூடத்தில் மாட்டிவிட்டேன்.

இவர் பார்த்துவிட்டு, யார் எடுத்தது என்று கேட்டார்.

"எங்க அண்ணனும் அண்ணியும்" என்றேன். சாய்ந்திருந்த படத்தை நேராக்கிவிட்டு, "இன்னொரு அண்ணனும்" என்றேன்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். நான் லீவு சொல்ல வேண்டும்.

வாலு