துறைத்தலைவர் கையில் ஸ்பானர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

பாடத்திட்டம் மாறுவதால் பல நாட்டுப் பொறியியல் ஆசிரியர்கள் எங்கள் தொழிற்சாலையில் மூன்று மாதம் பயிற்சி எடுக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவன் நான். ஆய்வகத்துப் பம்பைக் கழற்றிப் பார்த்ததற்காக என்னை ஃபெயிலாக்கி, ஒரு வருஷம் வீட்டில் உட்காரவைத்தாரே துறைத்தலைவர், அவரும் வந்திருக்கிறார். நேற்றுச் செய்முறைத் தேர்வில் பம்பைக் கழற்றச் சொல்லி அவரிடம் ஸ்பானரைக் கொடுத்தேன்.

“எந்தப் பக்கம்பா திருப்பணும்?”

“எங்ககிட்ட ‘தொடாதே, பார்த்து எழுது’ன்னீங்களே சார். இப்ப தொட்டுப் பாருங்க.”

மாலைவரை ஒரு போல்ட்கூட அசையவில்லை. ஃபெயில் போட்டேன். திங்கட்கிழமை அவர் மறுபடி கழற்றிக் காட்டவேண்டும். நேற்றுதான் சோறு ருசித்தது அம்மா.

போனில் பேசும்போது மிக்ஸியை நிறுத்தாதே, அந்தச் சத்தம் கேட்டால் நம் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது. பீரோவில் உள்ள என் ஃபெயில் மார்க் ஷீட்டைத் தபாலில் அனுப்பு. அவருடையதோடு சேர்த்துப் பின் குத்திக் கொடுக்கவேண்டும். ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகன்