இடது கை கோட்டுப் பையில்

அன்புள்ள ஃபெர்கஸ்,

வீட்டில் நானும் என் மனைவி எஃபியும் நலம். இத்துடன் வரும் பொட்டலத்தில் ஓட்ஸ் பிஸ்கட் வைத்திருக்கிறாள். நீ மகளோடு இருக்கும் இங்கிலாந்தில் நல்லதாகக் கிடைக்காது என்பது அவள் எண்ணம். என் எண்ணமும் அதுவே.

உன் மகளிடம் சொல்லி நீ எழுதவைத்த கடிதம் வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு இடது கை எழவில்லை, வசந்தகால கோல்ஃப் ஜோடிப் போட்டிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்கிறாய். முப்பது வருடம் ஒரே பந்தை என்னோடு மாறி மாறி அடித்தவன் எழுதுகிற கடிதமா இது? நம் கோல்ஃப் சங்கச் செயலாளர் ராட்ரிக் உன்னைவிட மோசம். "ஃபெர்கஸ் இனி வரமாட்டான் ஹெக்டர். பல் டாக்டரோட சேந்துக்கோ, அவருக்கு வீச்சு அழகு" என்றார். அந்த டாக்டர் அடிப்பதற்குள் ஒரு மழை பெய்து ஓய்ந்துவிடும்.

மறுநாளே இடது கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு பயிற்சித் திடலுக்குப் போனேன். ஒற்றைக் கையால் அடிக்க முடியுமா, முடியாதா என்று பார்த்துவிட வேண்டும்.

நான் யாரிடமும் கற்றவன் இல்லை. பந்தைப் பார், அடி. அவ்வளவுதான் என் முறை. ஒற்றைக் கையில் அது பலிக்கவில்லை. பந்து காலடியிலேயே உருண்டது. அடுத்து, பத்திரிகைகளில் போடுகிறார்களே, கால்களைச் சேர்த்து வைத்து வீசுவது, அதைச் செய்தேன். விழுந்தேன். புல் வெட்டும் யூவன் வண்டியை நிறுத்தி, "என்ன பெருசு, காலையிலயே ஏத்தியாச்சா?" என்று கேட்டான். உனக்கு அந்த முறை வேண்டவே வேண்டாம். வலது அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு அடிப்பது தேவலை. துண்டு நழுவாதவரை பந்து நேராகப் போகிறது. ஆனால் தூரம் இல்லை. நான்காம் குழிக்கு முன்னால் இருக்கும் ஓடையைத் தாண்டாது.

வேறு வழியில்லாமல் பயிற்சியாளர் ஐல்சாவிடம் போனேன். போன வருடம் எனக்குத் தெரியாமல் நீ அவளிடம் பாடம் கேட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு விஷயம். கற்க வரவில்லை, வீச்சைப் படம்பிடிக்கும் அவளுடைய கேமராவைப் பார்க்கத்தான் வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "சரிங்க ஐயா, கேமராவையே பாருங்க. அப்படியே நெஞ்சை மட்டும் திருப்புங்க, கை தானா பின்னால வரும்" என்றாள். வந்தது. இடது கை ஏன் பையிலேயே இருக்கிறது என்று கேட்டாள். குளிர் என்றேன். மறுநாள் போனபோது பிடி மெலிந்த, எடை குறைந்த மட்டை ஒன்றை எனக்காக எடுத்து வைத்திருந்தாள். கேமரா இல்லாவிட்டால் நல்ல பெண்தான்.

ஆக, அவள் சொன்ன நெஞ்சுத் திருப்பம், அக்குளில் துண்டு, எடை குறைந்த மட்டை. இந்த மூன்றும் சேர்ந்தால் நடக்கிறது. நேற்று நான்காம் குழியில் அடித்துப் பார்த்தேன். சில பந்துகள் ஓடையைத் தாண்டின, சில விழுந்தன. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

இந்த முறை இரட்டைப்படைக் குழிகளின் முதல் அடியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், ஃபெர்கஸுக்கு ஓடையைத் தாண்டும் வேலை இருக்காது என்றாள் எஃபி. முடியாது என்றேன். நான்காம் குழியின் முதல் அடி என்றைக்கும் உன்னுடையது.

நம் இருவர் பெயரையும் சங்கத்தின் போட்டிப் பலகையில் எழுதிவிட்டேன். போட்டியன்று காலை நீ வராவிட்டால் அழித்துவிடுவேன் என்கிறார் ராட்ரிக். அழித்துப் பார்க்கட்டும்.

பொட்டலத்தில் அந்த மட்டையும் இருக்கிறது. மகள் வீட்டுத் தோட்டத்தில் மெதுவாகத் தொடங்கு. ஜன்னல்களுக்கு முதுகைக் காட்டி நில்.

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும். வந்துவிடு ஃபெர்கஸ். பந்து ஓடையில் விழுந்தால் விழட்டும். அதற்கு அடுத்த அடி என்னுடையதுதானே.

இப்படிக்கு,
உன் ஜோடி,
ஹெக்டர்